கம்ப்யூட்டர் மாதிரி இல்லையாம்!

திருவண்ணாமலையில் நான் ஒரு தப்புக் காரியம் செய்துவிட்டு வந்தேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஒப்புக்கொண்டதோடு சும்மா இருந்துவிடப் போவதில்லை. அந்தத் தப்பில் பங்குள்ள மற்றவர்களையும் இழுக்கப் போகிறேன். அவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கார்த்திகைத் தீபத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. தேரடி வீதியில் கடைக்காரர்கள் புதிதாகப் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் என் பால்ய நண்பர் ஒருவர் இருக்கிறார். அரசாங்க உத்தியோகத்தில் பெரிய பதவி வரைக்கும் போய் ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், நாவல்கள் படிப்பவர். அவருடைய பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி நடந்தது. "நீ ஊரில் இருக்கிறபோது வேறு எவனையோ எதற்குக் கூப்பிடுவது? வந்து பரிசைக் கொடுத்துவிட்டுப் போ" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

நீங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். விஞ்ஞானக் கண்காட்சி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேஜைக்கு மேஜை தெர்மாகோல். தெர்மாகோலில் எரிமலை, தெர்மாகோலில் இருதயம், தெர்மாகோலில் அணைக்கட்டு. பக்கத்தில் டை கட்டிய குழந்தை ஒன்று நின்றுகொண்டு, மூச்சு விடாமல் இங்கிலீஷில் ஒப்பிக்கும். நடுவில் ஏதாவது கேட்டுவிட்டால் பாவம், ஆரம்பத்திலிருந்து மறுபடி ஒப்பிக்கும்.

கடைசி மேஜையில், ஜன்னலோரமாக, ஒரு மரப்பெட்டி இருந்தது. பழைய பலசரக்குக் கடைகளில் முதலாளியின் முழங்காலுக்கு முன்னால் இருக்குமே, மூடியில் காசு போடத் துவாரம் வைத்த கல்லாப்பெட்டி, அதேதான். பக்கத்தில் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் நின்றான். டை இருந்தது, ஆனால் இரவல் டை என்று பார்த்தாலே தெரிந்தது. அவன் மூடியைத் தூக்கினான். மூடியின் உள்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. பெட்டிக்குள்ளே ஏ.டி.எம். அட்டை அளவில் ஒரு பச்சைப் பலகை. அதிலிருந்து நாலைந்து கம்பிகள். திரையில் தமிழ் எழுத்தில் இரண்டு வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. பெட்டிக்குள் இருக்கிற சூடு இவ்வளவு, வெளியே இருக்கிற சூடு இவ்வளவு என்று அவை சொல்லின.

"இது என்னப்பா?" என்றேன்.

"கம்ப்யூட்டர் சார். நானும் எங்க அப்பாவும் செஞ்சது."

நான் மேலே கேட்பதற்குள் தீர்ப்புச் சொல்ல வந்த மூவரும் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் மூடியைத் தூக்கினார், உள்ளே பார்த்தார், மூடினார். "தம்பி, இது கம்ப்யூட்டர் மாதிரி இல்லையே! மேலே கொஞ்சம் வெள்ளிக் காகிதமாவது ஒட்டியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

முதல் பரிசு தெர்மாகோல் சந்திரயானுக்குக் கிடைத்தது. அதைக் கொண்டுவந்தவன் என் நண்பரின் பேரன். அது ஒரு கடையில் காசு கொடுத்துச் செய்யச் சொல்லி வாங்கிய சந்திரயான் என்பது அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர. இல்லை, பொய் சொல்வானேன்? எனக்கும் சந்தேகம் இருந்தது. இருந்தும் மேடையேறி, மாலை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அந்தப் பரிசை என் கையாலேயே கொடுத்தேன். போட்டோவும் எடுத்தார்கள்.

இதுதான் நான் செய்த தப்பு.

ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் விசாரித்துக்கொண்டு அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். வீடு என்பது பின்னால். முன்னால் தகப்பனாரின் தச்சுப் பட்டறை. கதவு, நிலை, பூஜை மாடம் செய்கிறவர். மரத்தூளில் நின்றபடியே எனக்கு ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

அந்தப் பெட்டியை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டேன். தகப்பனும் மகனும் மாறி மாறிச் சொன்னார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் தீர்ப்புச் சொன்னவர்கள் கேட்கத் தவறியது இதைத்தான்.

அந்தப் பச்சைப் பலகைக்கு ராஸ்ப்பெரி பை என்று பெயர். பழையதாக ஒன்றை ஒரு உறவினர் மூலம் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கியிருக்கிறான். அது வேலை செய்ய 5 வோல்ட் மின்சாரம் போதும். ஆனால் வேலை செய்தால் சுடும். 80 டிகிரியை நெருங்கிவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். திருவண்ணாமலை வெயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சித்திரையில் அந்த மலைப்பாறையே கொதிக்கும். மரமோ சூட்டைக் கடத்தாத வஸ்து. அதற்காகத்தானே வாணலிக்கு மரப்பிடி போட்டார்கள்? ஆகவே பையன் முதலில் வைத்துப் பார்த்தபோது பெட்டி அடுப்பாகிவிட்டது. அரை மணிக்குள் யந்திரம் தள்ளாட ஆரம்பித்தது.

அவனுக்கு வழி தெரியவில்லை. தகப்பனாருக்குத் தெரிந்தது. "சூடு மேலேதான் போவும். மேலே போவ வழி விட்டா மட்டும் பத்தாது, கீழேயிருந்து குளிர்ச்சி உள்ளே வரணும்" என்று சொல்லி, பெட்டியின் அடிப்பலகையில் வரிசையாகத் துளை போட்டு, நாலு மூலையிலும் விரற்கடை உயரத்துக்குக் கால் வைத்துத் தூக்கிவிட்டார். மேலே துவாரம் போடவே வேண்டியிருக்கவில்லை. காசு போடுகிற துவாரம்தான் இருக்கிறதே! அதன் வழியாகச் சூடு வெளியேறுகிறது. எத்தனை துளை போட்டால் எத்தனை டிகிரி குறைகிறது என்று பையன் நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தான். திரையில் ஓடிய இரண்டு வரிகளும் அந்த ஆராய்ச்சியின் மிச்சம்தான். அந்தக் கணக்கைச் செய்கிற புரோகிராமையும் அவனே எழுதியிருக்கிறான்.

பலகை மரத்தில் படக்கூடாது என்று சின்னச் சின்னப் பித்தளைத் தூண்களின் மேல் அதை உட்கார வைத்திருந்தார்கள். வீட்டு மின்சாரத்தை 5 வோல்ட்டாக்குகிற சாதனத்தைப் பெட்டிக்கு வெளியே வைத்திருந்தார்கள். தீ விஷயத்தில் தச்சனுக்கு இருக்கிற ஜாக்கிரதை வேறு யாருக்கு வரும்! புது மரம் வேண்டாம், ஈரம் கக்கும், மழைக்காலத்தில் உப்பும் என்று சொல்லி, நாற்பது ஐம்பது வருஷம் உலர்ந்த கல்லாப்பெட்டியைத் தேடி எடுத்ததும் தகப்பனார்தான். இரும்புப் பெட்டியாக இருந்தால் கம்பியில்லாமல் வருகிற இன்டர்நெட்டைத் தடுத்துவிடும், மரம் தடுக்காது. இதைப் பையன் தகப்பனாருக்குச் சொல்லிக்கொடுத்தான்.

இதில் பௌதிகம் இருக்கிறதா, இல்லையா? பரிசோதனை இருக்கிறதா, இல்லையா? தவறும் திருத்தமும் இருக்கிறதா, இல்லையா? விஞ்ஞானம் என்று நாம் எதைத்தான் சொல்கிறோம்?

நேரே நண்பரின் வீட்டுக்குத் திரும்பி வந்து சண்டையைத் தொடங்கினேன். அவர் நாலு ஆட்சேபங்கள் சொன்னார். அவர் ஒருவர் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நம்முடைய வர்க்கமே அவர் வாயால் பேசிற்று. ஆகவே அந்த நாலுக்கும் இங்கே பகிரங்கமாகப் பதில் சொல்கிறேன்.

முதல் ஆட்சேபம்: "மரப்பெட்டியில் கம்ப்யூட்டராவது! அது பொம்மை ஐயா."

நண்பரே, நீங்கள் கட்டியிருக்கிற பட்டு வேஷ்டியின் கரையைப் பாருங்கள். உங்கள் ஜில்லாவில்தான் ஆரணி இருக்கிறது. அங்கே பட்டுத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தைக்கப்பட்டு அதில் சுற்றி வரும். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும். அதற்குரிய இழை மேலே எழும்பும். துளை இல்லையென்றால் இழை எழும்பாது. உண்டு, இல்லை, உண்டு, இல்லை. இந்த இரண்டே வார்த்தையில் மயிலும் மாங்காயும் அன்னமும் சேலையில் இறங்குகின்றன. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில், பட்டு நெசவுக்காக, 1804-ல் ஜக்கார்டு இதை உருவாக்கினார். இந்தத் துளை அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம்முடைய கணக்கு யந்திரத்துக்கு அட்டை மூலம் உத்தரவு கொடுக்கலாம் என்று திட்டம் போட்டார். சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று பாபேஜிடம் இருந்தது. 1890-ல் அமெரிக்கா தன் ஜனத்தொகையைக் கணக்கெடுத்ததும் துளை அட்டையில்தான். கம்ப்யூட்டரின் வம்சாவளியைத் தேடிக்கொண்டு போனால், நீங்கள் ஒரு மரத்தறியின் வாசலில் போய்த்தான் நிற்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால், கிட்டத்து உதாரணத்துக்கு வாருங்கள். உங்கள் பேரன் கையால் நகர்த்துகிற மௌஸ் இருக்கிறதே, அதன் முதல் அவதாரம் 1964-ல் அமெரிக்காவில் பிறந்தது. டக்ளஸ் எங்கெல்பார்ட் யோசித்தார். பில் இங்கிலிஷ் செய்தார். அது குடைந்த மரக்கட்டை ஒன்றும் இரண்டு சக்கரங்களும்தான். இன்று உலகமே வாயைப் பிளந்து பார்க்கிற ஆப்பிள் கம்பெனியின் முதல் கம்ப்யூட்டர் 1976-ல் வெறும் பலகையாகத்தான் விற்பனைக்கு வந்தது. பெட்டி இல்லை, விசைப்பலகை இல்லை. வாங்கினவர்களில் பலர் மரத்தில் பெட்டி செய்து அதை உட்கார வைத்தார்கள். வீட்டில் செய்த மரப்பெட்டிக்குள் இருக்கிற அப்படிப்பட்ட ஒன்றை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியம் பொக்கிஷமாக வைத்திருக்கிறது. அங்கே கண்ணாடிக்குள் வைப்பார்கள். இங்கே வெள்ளிக் காகிதம் ஒட்டச் சொல்வார்கள்!

இரண்டாவது ஆட்சேபம்: "அந்தப் பலகையை அவனா செய்தான்? வெளிநாட்டுச் சரக்கு. இவன் செய்தது நாலு திருகாணி முடுக்கினது."

இதில் நியாயம் இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. அந்தச் சில்லுகள் திருவண்ணாமலையில் விளையவில்லை. ஆனால் இதே அளவுகோலை எல்லோருக்கும் பிடியுங்கள். ஆப்பிளின் முதல் கம்ப்யூட்டரை வடிவமைத்த வாஸ்னியாக் அதன் மூளையான சில்லைத் தாம் செய்யவில்லை; வேறு கம்பெனி செய்ததைக் காசு கொடுத்து வாங்கினார். கிடைத்ததைக் கொண்டு எப்படிக் கோப்பது என்பதில்தான் அவருடைய மேதை இருந்தது. கோத்துப் பார்த்தவன்தான் அடுத்தபடி செய்து பார்ப்பான். கோக்கவே மாட்டேன் என்பவன் கடைசிவரை வாங்கிக்கொண்டே இருப்பான்.

நம் தேசத்தின் கதையும் அதுதான். பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் 1950-களில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்தவர் சென்னையில் பிறந்த நரசிம்மன். 1956-ல் மாதிரி யந்திரம் ஓடியது. 1960-ல் முழு யந்திரம் வேலை செய்தது. 1962-ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தார். அறையை அடைத்துக்கொண்டிருந்த அந்த யந்திரத்தின் ஞாபக சக்தி எவ்வளவு தெரியுமா? 2,048 சொற்கள், சொல் ஒன்றுக்கு 40 பிட். இந்தக் கட்டுரையைத் தமிழில் சேமித்து வைக்கக்கூட அதில் இடம் போதாது! "இதைவிடப் பெரிசு அமெரிக்காவில் விலைக்குக் கிடைக்கிறது, எதற்கு இந்த வீண் வேலை?" என்று அன்றைக்கு அவர்களையும் எவரேனும் கேட்டிருக்கலாம். நல்லவேளை, அவர்கள் கட்டினார்கள். 2018-ல் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடியின் குழு சக்தி என்ற பெயரில் தாங்களே வடிவமைத்த சில்லுகளை ஓட்டிக் காட்டிற்று. இவையெல்லாம் ஆகாயத்திலிருந்து குதித்து வந்துவிடவில்லை. எங்கோ, யாரோ, சின்ன வயசில் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்ததன் பலன்.

ரேடியோ நாட்களை மறந்துவிட்டீர்களா? அப்போது ரேடியோவுக்கும் மரப்பெட்டிதான். பின்பக்கத்து அட்டையில் காற்றுப் போக வரிசையாய்த் துளை இருக்கும். கம்பெனி ரேடியோ வாங்க வசதியில்லாதவர்கள் ஊருக்கு ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் சொல்லி, சாமான் வாங்கிக் கோத்துத்தானே பாட்டுக் கேட்டார்கள்? பிற்காலத்தில் மத்தியதர வீடுகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்ததும் இதே வாசல் வழியாகத்தான். கம்பெனிக் கம்ப்யூட்டரின் விலையைக் கேட்டு மயங்கி விழுந்தவர்களுக்கு ரிச்சி தெருப் பையன்கள் கோத்துக் கொடுத்த கம்ப்யூட்டர்தான் கைகொடுத்தது. அதில் படித்துத்தான் உங்கள் மகன் இன்றைக்குக் கடல் கடந்து உத்தியோகம் பார்க்கிறான். நாலு திருகாணி என்று சிரிக்கிறீர்களே, அந்தத் திருகாணிகளுக்கு நம் குடும்பங்கள் எவ்வளவோ கடன்பட்டிருக்கின்றன.

மூன்றாவது ஆட்சேபம்: "கடையில் இதைவிடப் பத்து மடங்கு வேகமானது கிடைக்கிறது. அழகாகவும் இருக்கிறது."

கிடைக்கிறது. மறுக்கவில்லை. நான் இந்தக் கட்டுரையை அந்த மாதிரி ஒன்றில்தான் எழுதுகிறேன். படிக்கவும் எழுதவும் சம்பாதிக்கவும் அது வேண்டும். எல்லோரும் மரப்பெட்டி செய்யுங்கள் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்ல. ஆனால் அந்த அழகான சாமானைத் திறந்து பாருங்கள் பார்ப்போம்! திறக்க முடியாதபடி பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஞாபகச் சில்லைக் கழற்ற முடியாமல் பற்றவைத்திருப்பார்கள். பேட்டரி செத்தால் யந்திரமே செத்த மாதிரி. திறந்தால் கியாரண்டி போச்சு என்று பயமுறுத்துவார்கள். இந்த அநியாயம் தாங்க முடியாமல்தான் ஐரோப்பியக் கூட்டமைப்பு 2024-ல் பழுது பார்க்கும் உரிமைக்கென்றே சட்டம் கொண்டுவந்தது. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-ல் இதற்காக ஒரு குழுவை நியமித்தது. காசு கொடுத்து வாங்கினவனுக்குத் தன் பொருளைத் திறந்து பார்க்கச் சட்டம் போட்டு உரிமை தர வேண்டியிருக்கிறது!

நம் வீட்டில் என்ன நடக்கிறது? ஆயுத பூஜையன்று லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம். மற்ற 364 நாளும் "தொடாதே, கெட்டுப்போகும்". ஆயுதம் என்றால் கையில் எடுத்துத் தீட்டி, தேய்ந்தால் சாணை பிடித்து வைத்துக்கொள்வது. திறக்க முடியாததை வைத்துக் கும்பிடுவது ஆயுத பூஜையாகாது.

இந்த வியாதி நமக்கு மட்டும் வந்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கம்ப்யூட்டர் படிக்க வருகிற பிள்ளைகள் வர வர யந்திரத்தைக் கையால் தொட்டுப் பழகாதவர்களாக வருகிறார்கள் என்று அங்கே சிலருக்குக் கவலை பிறந்தது. அவர்களில் ஒருவர் எபன் அப்டன். ஒரு பையன் உடைத்தாலும் குடும்பம் மூழ்கிவிடாத விலையில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று நினைத்தார்கள். 2012 பிப்ரவரியில் 35 டாலர் விலையில் வெறும் பலகையாக அதை வெளியிட்டார்கள். அதுதான் ராஸ்ப்பெரி பை. அந்தத் தச்சர் வீட்டுப் பையனின் கல்லாப்பெட்டிக்குள் இருக்கிற அதே வம்சம். உடைத்தாலும் பரவாயில்லை, திறந்து பார் என்பதற்காகவே பிறந்த சாமான் அது. அதைத் திறந்து காட்டினவனிடம்தான் நாம் "மூடி வைத்து வெள்ளிக் காகிதம் ஒட்டு" என்றோம்.

நாலாவது ஆட்சேபத்துக்கு வருகிறேன். என் நண்பர் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே சாவதானமாகச் சொன்னார். "அவன் தச்சன் மகன், பெட்டி செய்யத் தெரிந்திருக்கிறது. இதில் என்ன அதிசயம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இதன் அடியில்தான் மற்ற மூன்றும் முளைத்திருக்கின்றன. மரம் மட்டம், கை மட்டம், கையால் செய்கிறவன் மட்டம். அந்தப் பெட்டியில் மரத்தூள் வாசனை வந்தது. அதனால் அது கம்ப்யூட்டர் மாதிரி இல்லை! கம்ப்யூட்டர் என்றால் ஏ.ஸி. அறை, கழுத்தில் அட்டை, கையில் அழுக்குப் படாத சம்பளம். இதுதானே நாம் பிள்ளைகளுக்குக் காட்டி வைத்திருக்கிற கம்ப்யூட்டர்?

உங்களில் சிலர் இந்த இடத்தில் என்னைச் சந்தேகப்படுவீர்கள். "ஓகோ, தச்சன் மகன் உளியைப் பிடித்தால் நல்லது என்கிறாயா? குலக்கல்விக்கு வக்காலத்தா?" என்பீர்கள். நல்ல கேள்வி. கேட்கத்தான் வேண்டும். 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, பள்ளிக்கூடம் அரை நேரம், மீதி நேரம் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். நாடே கொதித்தது. பெரியாரும் மற்றவர்களும் குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜ் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைவிட்டது சரி. நூறு தரம் சரி. தச்சன் மகன் உளியும் கணக்கன் மகன் பேனாவும் என்று பிறப்பிலேயே பங்கு பிரித்து வைத்ததுதான் நம் தேசத்தின் பழைய பாவம்.

அந்தத் தகப்பனாரே அன்று காலையில் என்னிடம் சொன்னார்: "எங்கப்பா என் கையில உளியைக் குடுத்தப்ப என்னை யாரும் கேக்கல சார். நான் இவனுக்குக் குடுக்க மாட்டேன். இந்தப் பொட்டிக்குக்கூடத் துளையை நான்தான் போட்டேன்; அவன் எண்ணிக்கிட்டு இருந்தான். படிக்கட்டும்." அவர் சொன்னதில் எனக்கு ஒரு வார்த்தைகூட ஆட்சேபம் இல்லை. அந்தப் பையன் எஞ்சினீயராகட்டும், கலெக்டராகட்டும், என்ன வேண்டுமானாலும் ஆகட்டும். அவன் உளியை எடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

நான் சொல்வது வேறு. உளியைத் தொட வேண்டியவன் உங்கள் பேரன்!

திட்டத்தை எதிர்த்து ஜெயித்தோம். ஆனால் திட்டத்துக்குப் பின்னால் இருந்த மனோபாவத்தை நாம் எல்லோரும் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொண்டோம். தச்சன் மகன் மேலே வர வேண்டும் என்றால் அவன் தச்சுப் பட்டறையை விட்டு ஓடித்தான் ஆக வேண்டும் என்று ஏன் ஆயிற்று? பட்டறையில் அறிவு இல்லை என்று நாம் தீர்மானித்துவிட்டதால். சூடு மேலே போகும், கீழேயிருந்து காற்று வர வேண்டும் என்று சொன்ன அந்த மனிதர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் அல்ல. அதே விஷயத்தை உங்கள் பேரன் பௌதிகப் புத்தகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, முழு மார்க் வாங்கியிருப்பான். ஆனால் சுடுகிற பெட்டியை முன்னால் வைத்தால் எங்கே துளை போடுவது என்று அவனுக்குத் தெரியுமா? அவன் மேல் குற்றம் இல்லை. அவன் கையில் நாம் தெர்மாகோலைக் கொடுத்தோம். அதையும் கடைக்காரன் வெட்டிக் கொடுத்தான். செய்யாததைச் செய்ததாகச் சொல்லவும் கற்றுக்கொடுத்தோம். அதற்கு நான் பரிசும் கொடுத்தேன்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த வருஷம் கண்காட்சி வைக்கிற பள்ளிக்கூடங்கள் கடையில் செய்த சாமானை வாசலிலேயே நிறுத்தட்டும். தீர்ப்புச் சொல்கிறவர்கள் "இது என்ன மாதிரி இருக்கிறது?" என்று பார்ப்பதை விட்டுவிட்டு, "இதை எப்படிச் செய்தாய், எங்கே தவறினாய்?" என்று கேட்கட்டும். மாசத்தில் ஒரு நாளாவது ஊரில் இருக்கிற ஒரு தச்சரை, ஒரு மின்சார ரிப்பேர்க்காரரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைக்கட்டும். உடைந்த பெஞ்சைச் சரிசெய்வதற்காக அல்ல, வகுப்பு எடுப்பதற்கு. வாத்தியாருக்குப் போடுகிற நாற்காலியைப் போட்டு, கையில் மரியாதையாகச் சம்பளமும் கொடுத்து. ஆபீஸர் வீட்டுப் பிள்ளையும் நெசவாளி வீட்டுப் பெண்ணும் தச்சர் வீட்டுப் பையனும் ஒரே மேஜையில் ஒரே பெட்டிக்குத் துளை போடட்டும். எல்லோரும் போட்டால் அது குலத்தொழில் ஆகாது, கல்வி ஆகிவிடும்.

நான் இவ்வளவும் பேசி முடித்ததும் நண்பர், "உளியைக் கொடுத்தால் பேரன் கையை வெட்டிக்கொள்வான்" என்றார். "வெட்டிக்கொள்ளட்டும், ஆறிவிடும்" என்றேன். அதற்குமேல் அவர் என்னோடு பேசவில்லை. பேரன் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். பஸ் புறப்படுகிற சமயத்தில், "எனக்கும் அந்தப் பொட்டிதான் பிடிச்சிருந்தது தாத்தா" என்றான்.

போன வாரம் நண்பரிடமிருந்து டெலிபோன் வந்தது. ஒரே ஆத்திரம். "உன்னால் வந்த வினை! என் பேரன் அந்தத் தச்சர் வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, எழுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கழற்றிவிட்டான். கியாரண்டி போச்சு!"

"திரும்ப மாட்டினார்களா?" என்று கேட்டேன்.

"மாட்டினார்கள்."

"ஓடுகிறதா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஓடுகிறது. ஆனால் ஒரு திருகாணி மிச்சமிருக்கிறது" என்றார்.